உள்ளங்காலில் தொடங்கிய மெலனோமா: கடற்பாசி எடுக்கும் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் நடந்த நிகழ்வு இது. நோயாளி பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. குடும்பத்தின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சிறுவயதிலிருந்தே அவருக்குப் பாசி எடுக்கிற வேலைதான். விடியும்போதே வள்ளத்தில் கிளம்பி, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி இறங்குவார்கள். இடுப்பளவு, சில நேரம் கழுத்தளவு தண்ணீர். பாறையில் காலை ஊன்றி, குனிந்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிடுங்கிச் சாக்கில் போட வேண்டும். ஆய்வகங்களில் கிருமி வளர்க்க உதவும் அகர் இந்தப் பாசியிலிருந்தும் வருகிறது. விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். ரப்பர் செருப்பு கழன்று போகாமலிருக்கக் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வார்கள். இவ்வளவு செய்தும் பாறை கிழிக்கும், முள் ஏறும். அவரது இரண்டு பாதங்களிலும் பழைய தழும்புகளை எண்ணி முடிக்க முடியாது.

இந்த நோய் இவ்வளவு தாமதமாக எங்களிடம் வந்ததற்குப் பாதி விளக்கம் இதிலேயே இருக்கிறது. காலில் எது வந்தாலும் அதற்கு ஒரு காரணம் அங்கே தயாராக இருக்கும்: திருக்கை முள், பாறைச் சிராய்ப்பு, ஆணிக்கால்.

வலது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, கருப்பாக ஒரு திட்டு இருப்பதை முதலில் பார்த்தவர் மகள். எங்களிடம் வருவதற்கு ஏறக்குறைய நான்கு வருடம் முன்பு அது. வலி இல்லை, அரிப்பு இல்லை. முள் குத்திய இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த இடம் சற்றுத் தடித்தது. மெடிக்கலில் காட்டுவதற்காக மகள் செல்போனில் படம் எடுத்துப் போனார். ஆணிக்கால் பிளாஸ்திரி கொடுத்தார்கள். அதற்கு அடங்காமல் போகவே எருக்கம்பால் வைத்தார்கள். கடைசியில் ஒரு கிளினிக்கில் மேலே தடித்திருந்ததைப் பிளேடால் சீவிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சீவிய சதை பரிசோதனைக்குப் போகவில்லை. குப்பைக்குத்தான் போனது. ஆறே மாதத்தில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு எழும்பி, நடக்கும்போது ரத்தம் கசியத் தொடங்கியது. அப்புறம்தான் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார்.

முதல் பரிசோதனை

திட்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருந்தது. ஒரு பக்கம் வெளிர் பழுப்பு, நடுவில் கருப்பு, ஓரம் ஒழுங்கில்லாமல் கசிந்தாற்போல. குதிகால் பக்கத்தில் மட்டும் கடலை அளவுக்கு ஒரு முடிச்சு, அதன் மேல் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் தட்டை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அங்கே ஒன்றும் இருப்பதாகவே தெரியாது.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியை வைத்துப் பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. உள்ளங்கால் தோலில் கைரேகை போலவே மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடும். சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் படிந்திருக்கும். இவருக்கு மேடுகளின் மேல் பட்டை பட்டையாகக் கருமை ஓடியது. உள்ளங்கால் மெலனோமாவின் முக்கியமான அடையாளம் அது. ஜப்பானிய மருத்துவர்கள் விரிவாக எழுதி நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம்.

மகளிடம் அந்தப் பழைய படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. தேடி எடுத்துக் காட்டினார். அதில் அதே திட்டு, சற்றுச் சிறிதாக. முடிச்சு இல்லை. ஆக, குறைந்தது இரண்டு வருடம் இந்த நோய் தோலின் மேலடுக்கில் பக்கவாட்டில் மட்டும் படர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் வெட்டி எடுத்திருந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்திருக்கும். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கவில்லை. நுரையீரல் படம் சுத்தமாக இருந்தது.

சதைப் பரிசோதனையும் குடும்பத்தின் பயமும்

"கத்தி வச்சா பரவிரும்னு சொல்றாங்களே டாக்டரம்மா" என்றார் அவருடைய கணவரின் அண்ணன். ஊரில் எல்லோரும் நம்புவது இது. சதை எடுத்துப் பார்ப்பதால் மெலனோமா பரவுவதில்லை, பார்க்காமல் விடுவதால்தான் பரவுகிறது என்று விளக்கினோம். மறுபடி மேலாகச் சீவாமல், முடிச்சின் முழு ஆழமும் வரும்படி எடுத்தோம். தட்டையான பகுதியிலிருந்தும் ஒரு துண்டு சேர்த்து அனுப்பினோம். இந்த நோயில் மற்ற எல்லா அளவுகளையும்விட ஆழம்தான் முக்கியம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் சொன்ன அந்த மில்லிமீட்டர் கணக்கை வைத்துத்தான் இன்றைக்கும் சிகிச்சையைத் தீர்மானிக்கிறோம். மேலே சீவிவிட்டால் அந்தக் கணக்கே பிசகிவிடும்.

முடிவு: அக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா, அதாவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் வகை. ஆழம் 3.4 மில்லிமீட்டர், மேலே புண் உண்டு.

நோய்க்குறியியல் மருத்துவர் என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். ஒரே ஆளின் ஒரே திட்டிலிருந்து வந்த இரண்டு துண்டுகள், ஆனால் இரண்டு வெவ்வேறு நோயைப் பார்ப்பது போலிருந்தது. தட்டையான துண்டில், மேல்தோலின் அடி வரிசையிலேயே செல்கள் வரிசையாக நின்றன. செல்களின் உடம்பெல்லாம் பழுப்பு நிறமி, கிளைகள் நீண்டு மேல்தோல் செல்களுக்கு நடுவில் புகுந்திருந்தன. இயல்பு கெட்டவைதான், ஆனாலும் தங்கள் இடத்தை விட்டு நகரவில்லை. முடிச்சின் துண்டில் செல்கள் கூட்டம் கூட்டமாக உள்தோலில் இறங்கியிருந்தன. நிறமி குறைவு, உட்கரு பெரிது, பல செல்கள் பிரிந்துகொண்டிருந்தன.

செல் எப்படி மாறுகிறது

நிறமிச் செல்கள் பிறந்த இடம் தோல் அல்ல. கரு வளரும்போது முதுகுப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முகடு என்ற செல் கூட்டத்திலிருந்து கிளம்பி, உடம்பெல்லாம் பயணம் செய்து தோலில் வந்து குடியேறுகிறவை. குடியேறிய பிறகு சுற்றியுள்ள மேல்தோல் செல்கள் அவற்றைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு நிறமிச் செல்லும் முப்பது நாற்பது மேல்தோல் செல்களோடு தொடர்பில் இருக்கும். இந்தப் பிடிப்புக்கு உதவும் முக்கியமான புரதம் ஈ-கேட்ஹெரின். அது இருக்கும்வரை அக்கம்பக்கத்துச் செல்கள் போடும் கட்டுப்பாட்டுக்குள் நிறமிச் செல் அடங்கியிருக்கும்.

மெலனோமாவின் முதல் கட்டத்தில் இந்தப் பிடிப்பு ஓரளவு மிச்சமிருக்கிறது. அதனால் அது பக்கவாட்டில்தான் படர்கிறது. உள்ளங்காலில் இந்தக் கட்டம் வருடக்கணக்கில் நீடிக்கலாம். அடுத்த கட்டத்துக்கு நகரும்போது ஈ-கேட்ஹெரின் குறைந்து என்-கேட்ஹெரின் கூடுகிறது. என்-கேட்ஹெரின் மேல்தோல் செல்லோடு ஒட்டாது. உள்தோலில் உள்ள நார்ச்செல்களோடும் ரத்தக் குழாயின் உட்சுவரோடும் ஒட்டும். செல்லின் கூட்டாளிகளே மாறிவிடுகிறார்கள். வழியில் உள்ள சவ்வைக் கரைக்கும் நொதிகளையும் அது சுரக்கத் தொடங்குகிறது. கரு வயதில் பயணம் செய்ய உதவிய பழைய திறன்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன என்றே பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

இதோடு இன்னொரு மாற்றமும் உண்டு. நிறமிச் செல்லின் அடையாளத்தையே தீர்மானிக்கும் எம்ஐடிஎஃப் என்ற புரதம், மெலனோமாவில் ஏறி இறங்குகிறது. அது போதுமான அளவு இருக்கும்போது செல் பிரிந்து பெருகும், நிறமியும் செய்யும். நன்றாகக் குறைந்துவிட்டால் பெருக்கம் மந்தப்படும், நகரும் திறன் கூடும், நிறமி செய்வது நின்றுபோகும். ஆக்சிஜன் பற்றாக்குறை, அழற்சி, மருந்தின் நெருக்கடி எல்லாம் செல்லை இந்தப் பக்கம் தள்ளக்கூடியவை. புதிய இடத்தில் குடியேறிய பிறகு அதே செல் திரும்பவும் பெருகும் நிலைக்கு வரலாம். இந்த மாற்றத்துக்குப் புதிதாக மரபணுப் பிழை ஏற்பட வேண்டும் என்ற அவசியம் இல்லை. சூழலைப் பொறுத்து அங்கும் இங்கும் மாறிக்கொள்ளக்கூடிய நிலைகள் அவை. மெலனோமா இவ்வளவு பிடிகொடுக்காத நோயாக இருப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இதை அவருக்குச் சொல்ல முயன்றபோது அவரே கேட்டார்: "தீவுல பெப்சிப் பாசி துண்டு ஒடிஞ்சு போயி பவளப்பாறையில ஒட்டி வளந்துச்சே, அந்த மாதிரியா?" வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசியைத்தான் அந்தப் பகுதியில் அப்படிச் சொல்வார்கள். அது குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்தது அவர் கண்ணால் பார்த்த விஷயம். "ஆமாக்கா, பரவுறது அப்படித்தான். ஆனா அந்தப் பாசி எங்க ஒட்டினாலும் அதே பாசிதான். இது போற இடத்துல ஆளே மாறிடும்" என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கடலில் பட்ட காயம் புற்றாகிவிட்டதா என்று மகள் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. உள்ளங்கால் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணமல்ல என்பது தெளிவு. உடலின் பாரம் விழும் இடங்களில் அது கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட காயத்தைக் கைகாட்ட ஆதாரம் கிடையாது. இந்தத் தொழில் செய்ததால் வந்தது என்ற குற்ற உணர்வை அவர் சுமக்கக் கூடாது என்பதால் இதைப் பல தடவை சொன்னேன்.

முதல் சிகிச்சை முடிவுகள்

அறுவைக்கு மதுரைக்கு அனுப்பினோம். பாம்பன் ரயில் பாலம் மூடிக்கிடந்த காலம் அது. பேருந்தில் மண்டபம் வந்து அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும், காலில் கட்டோடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் அறுவைச் செலவு பெரிதாக உறுத்தவில்லை. போக்குவரத்தும் வேலை இழப்பும்தான் குடும்பத்தை உலுக்கின.

ஆழம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியதால் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. குதிகாலில் அவ்வளவு இடம் போனால் தொடைத் தோலை எடுத்து ஒட்டத்தான் வேண்டும். "மறுபடி பாசிக்குப் போகலாமா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. ஒட்டிய தோல் பாறையைத் தாங்காது என்று அறுவை மருத்துவர் நேராகவே சொன்னார். அன்றைக்கு அவர் அழுதது நோய்க்காக அல்ல.

அதே அறுவையில் காவல் நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பார்த்தார்கள். திட்டிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் முடிச்சு அது. டொனால்ட் மார்ட்டன் குழுவினர் 1992இல் வெளியிட்ட முறை. கையால் தொட்டால் ஒன்றும் தெரியாத அந்த முடிச்சுக்குள் சிறு கூட்டமாகப் புற்றுச் செல்கள் இருந்தன. நோய் மூன்றாம் நிலைக்குப் போனது.

மீதி நிணநீர் முடிச்சுகளையும் மொத்தமாக எடுப்பதா என்ற கேள்வி வந்தது. எடுப்பதால் உயிர்வாழும் காலம் கூடவில்லை என்று 2017இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியிருந்தது. எடுத்தால் கால் வீக்கம் வாழ்நாள் முழுதும் தொல்லை தரக்கூடும். ஸ்கேன் மூலம் கண்காணிப்பது என்று முடிவெடுத்தோம். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நோயெதிர்ப்பு மருந்து பற்றிப் பேசினோம். ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்பிலிருந்து வந்த மருந்துகள் இவை. மெலனோமா சிகிச்சையையே புரட்டிப்போட்டவை. ஆனால் உள்ளங்கால் வகையில் பலன் சற்றுக் குறைவு. விலையோ அந்தக் குடும்பம் வீட்டை விற்றாலும் சில ஊசிகளுக்கு மேல் தாங்காது. பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் உண்டு; இவருக்கு அந்த மாற்றம் இல்லை என்று சோதனை சொன்னது. தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் இருக்கும் அந்த மாற்றம் உள்ளங்காலில் குறைவு. எனவே மருந்தில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று குடும்பத்தோடு சேர்ந்து தீர்மானித்தோம்.

திரும்பி வந்தது

ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்தது. கரையில் உட்கார்ந்து பாசி உலர்த்தும் வேலைக்கு மாறிக்கொண்டார். பரிசோதனைக்குத் தவறாமல் வந்தார்.

ஒரு வருடம் நெருங்கும்போது முழங்காலுக்குக் கீழே, உட்புறத்தில், இளஞ்சிவப்பாக ஒரு தடிப்பு வந்தது. ஏதோ பூச்சிக் கடி என்று நினைத்தார். கருப்பாக ஏதாவது வந்தால் உடனே வரச்சொல்லியிருந்தார்கள், இது கருப்பாக இல்லையே என்று அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருந்தார். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று.

எடுத்துப் பார்த்ததில் நிறமியே இல்லாத செல்கள். நிறமிச் செல்லுக்கான சாயங்களில் எச்எம்பி-45 ஒட்டவேயில்லை, மெலன்-ஏ அங்கங்கே மங்கலாக. நரம்பு முகட்டு வம்சத்தைக் காட்டும் எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டும் பளிச்சென்று ஒட்டின. பிறந்த வம்சம் தெரிகிறது, செய்துவந்த தொழிலை விட்டுவிட்டது. முதல் திட்டின் தட்டைப் பகுதியில் கரிய நிறமியோடு நின்ற அதே வம்சத்துச் செல்கள்தான் நிணநீர்ப் பாதையில் நகர்ந்து வந்து காலில் இந்த நிறமற்ற முடிச்சுகளை உண்டாக்கியிருந்தன. முதல் சதைத் துண்டைப் பார்க்காத ஒருவர் இதை வேறு புற்று என்று சொன்னால் வியப்பில்லை.

சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சிறு புள்ளிகள்.

இந்தத் தடவை கிட் மரபணுவையும் சோதித்தோம். உள்ளங்கால் மெலனோமாவில் சிலருக்கு இதில் மாற்றம் இருக்கும். இவருக்கு இருந்தது. அப்படியானால் ரத்தப் புற்றுக்குத் தரும் இமாட்டினிப் மாத்திரை வேலை செய்யக்கூடும். இந்தியாவில் பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே சாப்பிடலாம். எல்லோருக்கும் கேட்காது, கேட்டாலும் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான் என்று மறைக்காமல் சொன்னோம். "சில மாசம்னாலும் சரி. பேத்தி சடங்கு வைகாசியில" என்றார்.

மாத்திரை கேட்டது. இரண்டே மாதத்தில் காலில் இருந்த தடிப்புகள் அமுங்கின, ஸ்கேனில் நுரையீரல் புள்ளிகள் பாதியாகச் சுருங்கின. முகம் வீங்கும், குமட்டும், மற்றபடி தாங்கிக்கொண்டார். சடங்குக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தார்.

ஏழாவது மாதம் நோய் மீறியது. மருந்து பெருகும் செல்களை அடக்கியிருந்தது. அடங்காமல் ஒதுங்கியிருந்தவை பிழைத்து, மருந்து இருக்கும்போதே வளரப் பழகிக்கொண்டன. அடுத்து வந்தது தலைவலியும் இடது கைத் தளர்ச்சியும். மூளையில் பரவியிருந்தது. கதிர்வீச்சு சில வாரங்கள் நிம்மதி தந்தது. அதன் பிறகு மருத்துவமனை வேண்டாம் என்றார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலிநிவாரணச் செவிலியர் வீட்டுக்கே போய் வந்தார். மார்பின் மாத்திரை வலியை நன்றாகக் கட்டுப்படுத்தியது. எங்களிடம் முதலில் வந்து இரண்டு வருடம் நிறைந்த சில வாரங்களில், சொந்த வீட்டில் காலமானார்.

மாற வேண்டியவை

இந்தியாவில் மெலனோமா அரிது. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் நம் ஊரில் வருவதில் கணிசமான பங்கு பாதத்தில்தான் வருகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்க்க வீட்டுக்கு வரும் பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். புண் இருக்கிறதா என்று பார்க்கும் அதே நேரத்தில் கருந்திட்டு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. பாதத்தில் கட்டிய ரத்தம் தோல் உரிய உரிய சில வாரங்களில் மறைந்துவிடும். இரண்டு மாதம் கழித்தும் அங்கேயே இருந்தால், அல்லது அகலமானால், தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எந்தக் கிளினிக்கிலும் உடம்பிலிருந்து சீவியதை, வெட்டியதைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறியக் கூடாது. இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கத் தயாராக இல்லை.

கிட் சோதனையை நோய் பரவும்வரை தள்ளிப்போடாமல், ஆபத்து அதிகமுள்ள உள்ளங்கால் மெலனோமாவில் முதல் அறுவைச் சதையிலேயே செய்துவிடச் சொல்கிறோம். முடிவு கையில் இருந்தால், நோய் திரும்பும் அன்றே மாத்திரையைத் தொடங்கலாம். இவருக்கு முடிவுக்காகக் காத்திருந்த வாரங்களில் நுரையீரல் புள்ளிகள் பெரிதாகின.

கண்காணிப்பில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் அட்டையை மாற்றியிருக்கிறோம். பழைய அட்டையில் "கருப்பாக ஏதேனும் தோன்றினால்" என்றிருந்தது. இப்போது தழும்பைச் சுற்றி, கால் நெடுக மேல்நோக்கி, தொடையிடுக்கு என்று மூன்று இடங்களையும் மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்கிறது. நிறம் எதுவானாலும் வரச்சொல்கிறது. வரைவை மகளிடம் படித்துக் காட்டினேன். "'கட்டி'ன்னு போடாதீங்க டாக்டர். பெரிசா இருந்தாத்தான் கட்டின்னு நெனைப்பாங்க. பருப்பளவு தடிப்புன்னு போடுங்க" என்றார். அப்படியே போட்டு அச்சுக்கு அனுப்பினோம்.